திரையில் மகாத், தரையில் மகாத்: காணொலியும் களப்பயணமும் வரலாற்றுச் சான்றாவது எப்படி?

மார்ச் 20, டிசம்பர் 25 ஆகிய நாள்கள் நெருங்கும்போதெல்லாம் மகாத் போராட்டம் குறித்த காணொலிகள் நம் கைபேசிகளை நிறைக்கின்றன. பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் வரலாற்றை ஒரு தலைமுறையிடம் கொண்டுசேர்ப்பவை இவையே. ஆயினும், சில நிமிடங்களுக்குள் அடங்க வேண்டிய கட்டாயத்தால் பத்தாண்டுப் போராட்டம் ஒருநாள் நிகழ்வாகச் சுருங்கிவிடுகிறது. அவ்வாறு சுருங்கிய வரலாறு, எதிர்த்தரப்பு எழுப்பும் ஒரே கேள்வியில் நிலைகுலைந்துவிடும். ஆகவே, காணொலியை நீதிமன்றத்தில் தாக்கலாகும் பிராதுபோலக் கொள்ள வேண்டும். பிராது என்பது கோரிக்கை மட்டுமே. ஆவணத்தாலும் நேரடிப் பார்வையாலும் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே அது நிற்கும்.

காலவரிசையைப் பிரித்தறிதல்

பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்னும் எஸ்.கே. போலேயின் தீர்மானத்தை 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் ஏற்றது. அதையொட்டி மகாத் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. தாளில் கிடைத்த உரிமை தண்ணீராக மாறவில்லை. இராமச்சந்திர பாபாஜி மோரே உள்ளிட்ட உள்ளூர்ச் செயற்பாட்டாளர்களின் உழைப்பால் 1927 மார்ச் 19, 20 நாள்களில் மாநாடு கூடியது. இரண்டாம் நாள் அம்பேத்கர் தலைமையில் மக்கள் ஊர்வலமாகச் சென்று குளத்து நீரை அருந்தினர். அடுத்ததாக வீரேசுவரர் கோயிலுக்குள் நுழையப்போகிறார்கள் என்ற வதந்தி பரப்பப்பட்டு, மாநாட்டுக்கு வந்தவர்கள் தாக்கப்பட்டனர். பின்னர் சாதி இந்துக்கள் குளத்துக்குத் ‘தீட்டுக்கழிப்பு’ நடத்தினர். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சியும் தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது.

மனுஸ்மிருதி எரிப்பு இதற்கு ஒன்பது மாதங்கள் கழித்து, டிசம்பர் 25 அன்று நடந்தது. அப்போது சாதி இந்துக்கள் தொடுத்த வழக்கில் இடைக்காலத் தடையாணை நடைமுறையில் இருந்தது. எனவே, இரண்டாம் முறை நீர் அருந்துவது தள்ளிவைக்கப்பட்டு, மக்கள் குளத்தைச் சுற்றி ஊர்வலம் மட்டுமே சென்றனர். இரண்டு நிகழ்வுகளையும் ஒன்றாக்கிவிடும் காணொலியில் காணாமற்போவது இந்தத் தடையாணைதான். உரிமையை மறுக்க வன்முறையும் சட்டமும் அடுத்தடுத்துக் கையாளப்பட்டன என்ற உண்மையும் அதனுடன் மறைந்துவிடுகிறது.

தீர்ப்பு கூறியதும் கூறாததும்

அவ்வழக்கு 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாக முடிந்தது. ‘தீண்டாமை சட்டவிரோதம் என அன்றே நீதிமன்றம் அறிவித்தது’ என்று இதை விளக்குவது பிழையாகும். தீண்டப்படாதோரை விலக்கிவைப்பது நினைவுக்கெட்டாக் காலம்தொட்டு வரும் வழக்காறு என்று வாதிகள் உரிமை கொண்டாடினர். அந்த வழக்காறு மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே தீர்ப்பு. மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் அது பொதுக்கொள்கைக்கு முரணானதா என ஆராய வேண்டியிருந்திருக்கும். அக்கேள்விக்குள் நீதிமன்றம் செல்லவில்லை. தீண்டாமை ஒழிக்கப்பட்டதென உறுதியாகச் சொல்ல 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17ஆம் பிரிவு வரை காத்திருக்க நேர்ந்தது. வெற்றியின் எல்லையை அறிந்தவர்களாலேயே அதன் பெறுமதியை உரிய முறையில் சொல்ல முடியும்.

களத்தில் காண வேண்டியவை

மகாத் நகரம் மகாராட்டிரத்தின் இராய்கட் மாவட்டத்தில், மும்பை–கோவா நெடுஞ்சாலையில் உள்ளது. கொங்கண் இரயில் பாதையின் வீர் நிலையத்தில் இறங்கியும் செல்லலாம். செல்லும் முன் உயர்நீதிமன்றத் தீர்ப்பைப் படித்துவிட வேண்டும். குளம் நான்கைந்து ஏக்கர் பரப்புடையது, நாற்புறமும் நகராட்சிச் சாலைகள், அவற்றுக்கு அப்பால் சாதி இந்துக்களின் வீடுகள், அருகில் தீண்டப்படாதோர் வீடு எதுவும் இல்லை என அது விவரிக்கிறது. கரையில் நின்று சுற்றிலும் பார்க்கும்போது அந்த வரிகள் வேறு பொருள் தருகின்றன. ஒரு பொதுக் குளம், சுவரோ பூட்டோ இல்லாமல், சுற்றிலும் அமைந்த வீடுகளாலேயே மூடப்பட்டிருந்தது. நீரை நெருங்கிய ஒவ்வொருவரும் எத்தனை கண்களைக் கடந்து சென்றிருப்பர் என்பதைப் படக்கருவியின் சிறு சட்டகம் காட்டுவதில்லை.

மனுஸ்மிருதி எரிப்பை நினைவுகூரும் கிராந்தி ஸ்தம்பத்துக்கும் செல்ல வேண்டும். வேறெவரும் இடம் தர முன்வராத நிலையில் ஃபத்தேகான் என்னும் முஸ்லிம் தந்த நிலத்திலேயே டிசம்பர் மாநாட்டுப் பந்தல் எழுந்தது. இயன்றால் இருமுறை செல்வது நன்று. மார்ச் 20இல் மக்களின் நினைவைக் காணலாம். சாதாரண நாளில் இடத்தின் அமைப்பைக் காணலாம்.

சில நடைமுறைகள்

1. காணொலி கூறும் தேதி, இடம், பெயர், எண்ணிக்கை ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்டப்படுகிறதா என்று பார்க்கவும்.

2. நடிக்கப்பட்ட காட்சியையும் அசல் ஒளிப்படத்தையும் பிரித்தறியவும். ஜப்பார் படேல் இயக்கிய ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ சிறந்த திரைப்படம். ஆனால் அதன் காட்சி 1927க்கான சான்றாகாது.

3. மூல ஆவணத்துடன் ஒப்பிடவும். மகாராட்டிர அரசு வெளியிட்டுள்ள அம்பேத்கரின் எழுத்துகளும் பேச்சுகளும் வரிசையில் 17ஆம் தொகுதியின் முதல் பகுதி இதற்குத் துணைபுரியும்.

4. களத்தில் எவரையேனும் பதிவு செய்தால் அவரது ஒப்புதலைப் பெற்று, நாளையும் இடத்தையும் குறித்து, வெட்டித் தொகுக்காத மூலக் கோப்பைப் பாதுகாக்கவும். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக்க 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதிநியம் 63ஆம் பிரிவின்கீழ்ச் சான்றிதழ் தேவை. மூலக் கோப்பு இல்லையேல் பின்னாளில் அதன் மெய்ம்மையை நிறுவுவது கடினம்.

இம்முறை மகாத்துக்கு மட்டும் உரியதன்று. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி, நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படத்தைப் பார்த்து, கீழமை நீதிமன்றம் தண்டித்தவர்களை விடுவித்த 1973ஆம் ஆண்டின் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பைப் படித்து, அதன்பின் நினைவிடத்தில் நிற்பது ஒரு மாணவர் குழுவுக்கு எளிதே. அன்று பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று அறுபத்தைந்தைக் கடந்திருப்பார். தீர்ப்பு நூலகத்தில் காத்திருக்கும், நினைவுச்சின்னமும் காத்திருக்கும். கண்டவர்களின் குரல் அவ்வளவு காலம் காத்திராது. களப்பயணத்தை அங்கிருந்தே தொடங்குவோம்.