ஆயிரத்தில் ஒருவன்: எம்.ஜி.ஆர் கடற்கொள்ளையர் ஆனது ஏன்?

'ஆயிரத்தில் ஒருவன்'னு சொன்னதும் கப்பலும் கத்திச்சண்டையும்தான் ஞாபகம் வரும். ஆனால் 1965-ல் வந்த இந்தப் படத்தின் மையம் கொள்ளை இல்லை, அடிமைத்தனம். கன்னிவாடி மாதிரி கடலோரம் இல்லாத ஊர்க்காரர்களுக்கும் கதை மனதில் ஒட்டுவது அதனால்தான். (2010-ல் செல்வராகவன் இயக்கிய படத்துக்கும் இதே பெயர், கதை வேறு.)

கதை என்ன?

மணிமாறன் (எம்.ஜி.ஆர்) ஒரு வைத்தியர். காயம்பட்ட புரட்சிக்காரர்களுக்கு சிகிச்சை தந்ததற்காக அவரையே துரோகி என்கிறது அரசு. கூட்டாளிகளோடு கன்னித்தீவுக்கு அடிமையாக விற்கப்படுகிறார். அங்கிருந்து தப்பி கடலுக்குப் போனாலும் விடுதலை கிடைக்கவில்லை. கொள்ளையர் கூட்டத்தில் சிக்கிக்கொள்கிறார். அதாவது, இவர் விரும்பிப் போன கொள்ளையர் அல்ல.

தீவின் இளவரசி பூங்கொடி (ஜெயலலிதா) பின்னால் தானே ஏலத்தில் நிற்கிறார். அடிமைகளை வைத்திருந்த வீட்டுப் பெண்ணே விலைபேசப்படும் இந்த இடம்தான் படத்தின் திருப்பம்.

ஒரிஜினல் எது?

ரஃபேல் சபாட்டினி 1922-ல் எழுதிய 'கேப்டன் பிளட்' நாவல், 1935-ல் எரோல் ஃபிளின் நடிப்பில் ஹாலிவுட் படமானது. வைத்தியர் அடிமையாகி, பிறகு கொள்ளையர் ஆகும் கதைப்போக்கு அதிலிருந்து வந்ததுதான்.

யார் எடுத்தது?

'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கப்பலோட்டிய தமிழன்', 'கர்ணன்' என்று சிவாஜியை வைத்துப் படங்கள் தந்த பி.ஆர்.பந்துலு, எம்.ஜி.ஆரோடு முதன்முதலாகச் சேர்ந்த படம் இது. கடல் காட்சிகள் கர்நாடகாவின் கார்வாரில் எடுக்கப்பட்டன. இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. பாடல்கள் கண்ணதாசன், வாலி.

இன்றும் ஏன் பேசப்படுகிறது?

எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் ஜோடியாக நடித்த முதல் படம் இது. பிற்காலத்தில் இருவருமே முதல்வர் ஆனார்கள். அடிமைகளின் தலைவனாக, ஏழைகளின் காவலனாகத் திரையில் உருவான பிம்பம் அரசியலிலும் எம்.ஜி.ஆருக்குக் கைகொடுத்தது. 1972-ல் அவர் தொடங்கிய அதிமுக, முதல் பெரிய வெற்றியைப் பெற்றது நம்ம திண்டுக்கல்லில்தான்: 1973 மக்களவை இடைத்தேர்தலில் மாயத்தேவர் ஜெயித்தார்.

டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2014 மார்ச்சில் மறுபடி ரிலீஸான படம், சென்னையில் 175 நாட்களைத் தாண்டி ஓடியது. ஜெயலலிதா அப்போது முதல்வர்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

தாராளமாக. சிரிக்க நாகேஷ் இருக்கிறார், மிரட்ட நம்பியார் இருக்கிறார். ஏலக் காட்சி வரும்போது மட்டும், மனிதரை மனிதர் விற்பது என்றால் என்னவென்று பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுங்கள். படம் முழுக்க அதைப் பற்றித்தான்.