சாவா மூவாப் பேராடும் ஒரு மாலைக் கூட்டமும்

திருவரங்கம் கோயிலில் சந்திர புஷ்கரணிப் பக்கம் செல்வோர் தன்வந்திரி சந்நிதியில் ஒரு கணம் நிற்பது வழக்கம். வீட்டில் யாருக்கேனும் உடல்நலமில்லை என்றால் அந்தக் கணம் சற்று நீளும். அச்சந்நிதிக்குப் பின்னே ஒரு மருத்துவமனையின் வரலாறு இருப்பதைப் பலர் அறியார்.

ஹொய்சளர்கள் சமயபுரத்தை அடுத்த கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டிருந்த 13ஆம் நூற்றாண்டில், வீர இராமநாதன் காலத்தில், திருவரங்கத்து ஆரோக்கியசாலைக்குப் பொருள் வைக்கப்பட்டது. பொறுப்பேற்றவர் கருடவாகன பண்டிதர். காலப்போக்கில் சிதைந்துபோன அச்சாலையை 1493இல் அதே பெயர் தாங்கிய கருடவாகன பட்டர் ஒருவர் சீர்செய்து, தன்வந்திரி எம்பெருமானையும் எழுந்தருளுவித்தார். இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்த அறத்தின் நினைவு அறுபடவில்லை.

இத்தகைய சாலைகளில் என்ன நடந்தது என்பதைத் திருமுக்கூடல் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்தது, 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கைகள், மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், சல்லியக்கிரியை செய்பவருக்கு 30 கலம் நெல், மூலிகை கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள், நாவிதர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நிவந்தம். இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. திருவாவடுதுறையிலோ 12ஆம் நூற்றாண்டில் அட்டாங்க இருதயமும் சரக சங்கிதையும் பயில்வோருக்குக் கொடை அளித்தார்கள். நோய் தீர்க்கக் கொடுத்தார்கள், மருத்துவம் கற்கக் கொடுத்தார்கள். ஆனால் இன்னும் மருந்தே காணப்படாத நோய்க்கு மருந்து தேடவென்று கொடுப்பது வேறு வகைக் கொடை. அதற்குக் கையில் காட்டத்தக்க பலன் இல்லை. நன்றி சொல்லவேண்டியவர் இன்னும் பிறந்திருக்கவே மாட்டார்.

அத்தகைய கொடையைத் தனி ஒருவர் தாங்குவது அரிது. பலர் கூடினால் இயலும். கூடிக் கொடுப்பது தமிழ் வணிகருக்குப் புதிதன்று. ஐந்நூற்றுவர் உள்ளிட்ட வணிகக் குழுக்கள் ஓரிடத்தில் கூடி, தம் சரக்கின் மீது தாமே ஒரு பங்கை விதித்துக்கொண்டு கோயிலுக்கு அளித்தன. பட்டணப்பகுடி என்று அதற்குப் பெயர். பிரான்மலைக் கல்வெட்டு உப்பு, நெல், பாக்கு, மிளகு, சுக்கு, மஞ்சள், இரும்பு, பருத்தி என்று சரக்குகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. அரசன் விதித்த வரி அல்ல அது. போட்டியாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட தொகை. பிற்காலத்து மகமையும் இதன் தொடர்ச்சிதான். தொழில் பேசக் கூடியவர்கள் அறத்தையும் பேசிவிட்டுக் கலைந்தார்கள்.

இதே வழி ஆராய்ச்சிக்கும் பயன்பட்டதை அமெரிக்காவில் காண்கிறோம். இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்த ரூஸ்வெல்ட்டின் பிறந்தநாளான ஜனவரி 30 அன்று, 1934இல், ஊர்தோறும் நடன விருந்துகள் நடந்தன. நுழைவுச்சீட்டுப் பணம் முதலாண்டில் சிகிச்சைக்குச் சென்றது. மறு ஆண்டு முதல் ஒரு பகுதி ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது. பலன் உடனே வரவில்லை. 1935இல் சோதித்த தடுப்பூசிகள் தோற்றன. ஆயினும் கொடுத்த கைகள் ஓயவில்லை; 1938இல் அமைந்த அறக்கட்டளைக்குப் பத்து சென்ட் நாணயங்கள் வந்து குவிந்தன. சால்க்கின் தடுப்பூசி பயனுள்ளது என்ற அறிவிப்பு 1955 ஏப்ரல் 12இல் வந்தது. முதல் விருந்தில் ஆடியவர்கள் இருபத்தோராண்டு காத்திருந்தார்கள்.

நம் பக்கத்தில், திருச்சிராப்பள்ளிக்கு அண்டையூரான புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்திய மாதர் சங்கத்தின் வழியே பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அங்கே சிகிச்சையோடு ஆராய்ச்சியும் வளர்ந்தது. 1981இல் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டது. யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் நோய் வருகிறது என்று ஆண்டுக்காண்டு எண்ணி எழுதும் வேலை அது. அதனால் எந்த ஒரு நோயாளியும் மறுநாள் எழுந்து நடப்பதில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை இல்லாமல் எங்கே தடுப்பது என்று யாருக்கும் தெரியாது.

திருச்சியில் இன்று தொழில் கூட்டங்களுக்குக் குறைவில்லை. திருவெறும்பூரின் கொதிகலன் தொழிலைச் சார்ந்த பட்டறைக்காரர்களும் பெரியகடை வீதி வணிகர்களும் ஒரு மாலை காப்பிக்குக் கூடினால், முகவரி அட்டைகள் கைமாறும். சில கொள்முதல்களும் முடியும். அந்த நட்பின் சூட்டிலேயே, விற்பனையில் ஒரு சிறு பங்கை மருத்துவ ஆராய்ச்சிக்கு என்று பட்டணப்பகுடி போல் ஒப்புக்கொள்ள இயலாதா? கேட்க வேண்டியது ஒரு நாள் நன்கொடை அன்று. ஆண்டுதோறும் வரும் பங்கு. ஒரே மாலையில் திரண்ட தொகை ஒரு கருவியை வாங்கலாம். பத்தாண்டு தேடலை அது தாங்காது.

நம் முன்னோர் நந்தா விளக்கொன்றுக்கு 96 ஆடுகள் கொடுத்தார்கள். ஆடுகள் சாகும், மூக்கும். ஆனால் குட்டிகள் ஈடுசெய்ய, எண்ணிக்கை என்றும் குறையலாகாது என்பது நிபந்தனை. அதனால்தான் கல்லில் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். ஆராய்ச்சியும் அப்படியொரு விளக்கு. அதற்கு எண்ணெய் வார்ப்பவர் அதன் ஒளியில் தாமே படிக்கப்போவதில்லை என்பதை அறிந்தே வார்க்கவேண்டும்.