சாமிக்கண்ணுவின் கைப்பிடியும் முக்கொம்பு வெள்ளமும்

1905-ம் வருஷம் நம்ம திருச்சியில், தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கினார். அப்புறம் ரயில்வே வேலையை விட்டுவிட்டு, டென்ட் கொட்டகையோடு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். இதெல்லாம் நம் வயதுக்காரர்கள் பலருக்கும் தெரிந்த கதைதான். நான் சொல்ல வந்தது அந்த மாதிரி மெஷினில் இருந்த கைப்பிடியைப் பற்றி.

அந்தக் காலத்துப் புரொஜெக்டரைக் கையால் சுற்ற வேண்டும். செகண்டுக்குப் பதினாறு படம் என்பது உத்தேசக் கணக்கு. சுற்றுகிறவர் கை அசந்தால் திரையில் மனிதன் ஊர்வான், கை துரிதமானால் குதித்து ஓடுவான். பேசும் படம் வந்ததும் இந்தச் சலுகை போயிற்று. வேகம் மாறினால் பாகவதர் குரலும் மாறிவிடும் அல்லவா! செகண்டுக்கு 24 படம் என்று உலகம் முழுக்க நிலைத்தது. ஆயிரம் அடி ரீல் ஓட பதினோரு நிமிஷம்.

ஒரு படம் ஓடவேண்டிய வேகத்தில் ஓடினால்தான் அது படம். அந்த வேகத்தில் பார்த்தால்தான் அதைச் செய்கிறவனுக்கும் அது சரியா இல்லையா என்று தெரியும். பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே காட்சியாக்கும் வேலைக்கு, இன்றைக்குக் கம்பாசிட்டிங் என்கிறார்கள், இது இரண்டு பங்கு உண்மை.

'மாயா பஜார்' (1957) பார்க்காதவர் நம்மில் யார்? எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக உட்கார்ந்திருக்க, லட்டுகள் தாமாகவே பறந்து வந்து வாயில் விழும். தமிழில் அந்தப் பாட்டைப் பாடியது நம்ம ஊர் திருச்சி லோகநாதன் என்பதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை. கே.வி. ரெட்டி டைரக்‌ஷன், மார்கஸ் பார்ட்லி காமிரா. கம்ப்யூட்டர் என்ற சொல்லே இங்கே புழங்காத காலம்.

அந்த நாளில் ஒரே நடிகரை இரண்டாகக் காட்ட வேண்டுமானால், லென்சுக்கு முன்னால் பாதியை மறைத்து ஒரு தடவை எடுப்பார்கள். பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, எத்தனை படம் ஓடியது என்று எண்ணி அதே இடத்துக்குக் கொண்டுவந்து, மறுபாதியை மறைத்து இன்னொரு தடவை எடுப்பார்கள். காமிரா ஒரு நூல் அசைந்தாலும் நடுவில் கோடு தெரிந்துவிடும். 1969-ல் 'தெய்வ மகன்' படத்தில் சிவாஜி அப்பாவாகவும் இரண்டு பிள்ளைகளாகவும் வந்தபோது நாம் கொட்டகையில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தோமே, அந்த மாதிரிக் காட்சிகளுக்குப் பின்னால் இத்தனை எண்ணிக்கை இருந்தது. இதில் பெரிய கஷ்டம், எடுத்ததை உடனே ஓட்டிப் பார்க்க வழியில்லை. பிலிம் லேப்புக்குப் போய், கழுவி, பிரிண்ட் போட்டு வந்தால்தான் தெரியும். அதுவரை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். எடிட்டர் நெகடிவைத் தொடவே மாட்டார். ரஷ் பிரிண்ட் என்று ஒரு நகல் போட்டு, அதை மூவியாலாவில் ஓட்டி ஓட்டி வெட்டுவார், ஒட்டுவார். கீறல் விழும், அழுக்காகும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். பிலிம் ஓரத்தில் அடிக்கு ஓர் எண் அச்சாகியிருக்கும். எல்லாம் முடிவான பிறகு அந்த எண்களை வைத்து நெகடிவை ஒரே ஒரு தடவை வெட்டுவார்கள். கரடுமுரடான நகலில் முடிவெடு, மூலத்தைக் கடைசியில் தொடு என்பது அங்கே எழுதாத சட்டம்.

கம்ப்யூட்டர் வந்தபோது லேப்புக்குக் காத்திருக்கும் கவலை தீர்ந்தது, ஆனால் சாமிக்கண்ணு காலத்துக் கைப்பிடிச் சிக்கல் திரும்பி வந்துவிட்டது. 1994-ல் 'காதலன்' பாட்டில் பிரபுதேவாவின் உடம்பு மறைந்தும் ஆட்டம் தொடர்ந்ததைப் பார்த்து ஊரே பேசியது. அதற்கு முந்தைய வருஷம்தான் அமெரிக்காவில் பிராவிடன்ஸ் என்ற ஊரில் ஒரு சின்னக் கம்பெனி, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளை வெளியிட்டிருந்தது. பிறகு அது அடோபி கைக்குப் போனது. இந்த மாதிரி மென்பொருளில் ஒவ்வொரு படத்தையும் அடுக்கடுக்காகக் கணக்குப் போட்டுத்தான் காட்ட முடியும். கணக்கு முடிய நேரமானால் காட்சி நொண்டும்.

போன மாதம் இதை நானே அனுபவித்தேன். முக்கொம்பு மேலணை, ஆர்தர் காட்டன் காலத்தில் 1836-ல் கட்டியது, 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகளைக் கொள்ளிடத்துக்குக் கொடுத்துவிட்டது. ஆடிப்பெருக்குக்குக் கட்டுச்சோற்றோடு போய் அந்த மதகுகளுக்கு முன்னால் நின்று எடுத்த படங்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. போனில் எடுத்த இன்றைய ஆற்று வீடியோவின் மேல் அந்தப் பழைய மதகுகளைப் பொருத்தி, அவை இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கவைத்து, பிறகு மெல்ல மறையச் செய்யலாம் என்று ஆசை. மொத்தம் நாற்பது செகண்டு. பேத்தி மென்பொருளைச் சொல்லிக்கொடுத்தாள்.

ஓட்டிப் பார்த்தால் வெள்ளம் கஞ்சி மாதிரி ஊர்ந்தது. இரண்டு செகண்டில் மறையவேண்டிய மதகு ஆறு செகண்டு எடுத்துக்கொண்டது. எந்த இடத்தில் மறையத் தொடங்கினால் மனசில் தைக்கும் என்று இந்த வேகத்தில் எப்படி முடிவு செய்வது?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1920-க்கு 1080 அளவுப் படம் ஒன்றில் இருபது லட்சத்துக்கு மேல் புள்ளிகள். புள்ளிக்கு நான்கு பைட் என்றால் ஒரு படத்துக்கு 8.3 மெகாபைட். செகண்டுக்கு 25 படம் என்று நாற்பது செகண்டுக்கு 8 ஜிகாபைட்டுக்கு மேல் ஆகிறது. மென்பொருள் கணக்குப் போட்ட படங்களை ராம் நினைவகத்தில் வைத்துக்கொண்டுதான் சரியான வேகத்தில் ஓட்டும். என் கம்ப்யூட்டரில் இருப்பதே எட்டு ஜிகாபைட். பிரிவியூவைப் பாதி ரெசல்யூஷனுக்கு மாற்றினால் அகலமும் உயரமும் பாதி, ஆகவே புள்ளிகள் கால் பங்கு. இரண்டு ஜிகாபைட்டில் அடங்கிவிட்டது.

அடுத்தது போன் வீடியோ. அது 4கே, நான்கு மடங்கு பெரிசு. போதாததற்கு, போன் ஒவ்வொரு படத்தையும் முழுசாக எழுதி வைப்பதில்லை. முந்தின படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துவைக்கிறது. முன்பாக்கி எழுதிய பேரேடு மாதிரிதான். 17-ம் தேதி இருப்பு தெரிய ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வரவேண்டும். படத்துக்குப் படம் முழுசாக எழுதும் புரோரெஸ் போன்ற வகையில் சின்ன நகல் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பிராக்ஸி என்று பெயர். பேத்தி விளக்கியபோது, இது நம்ம ரஷ் பிரிண்ட்தானே அம்மா என்றேன். அவளுக்கு ரஷ் பிரிண்ட் என்றால் என்னவென்று சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று.

அப்படியும் ஓர் இடத்தில் நொண்டியது. பியூஸ் போகிற வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு லேயராக அணைத்துப் பார்த்தோம். பழைய போட்டோதான். ஆறாயிரம் புள்ளி அகலத்தில் ஸ்கேன் செய்தது. திரையில் சின்னதாகத் தெரிந்தாலும், ஓரத்தை மங்கலாக்கும் பிளர் வேலையை மென்பொருள் முழு அளவில் செய்துவிட்டு அப்புறம்தான் சுருக்குகிறது. வேண்டிய அளவுக்குச் சுருக்கி, மங்கலாக்கியதையும் சேர்த்தே ஒரு தனிப் படமாக ரெண்டர் செய்து வைத்துக்கொண்டதும் சரியாகிவிட்டது.

புதிதாக மெஷின் வாங்கச் சொன்னவர்கள் உண்டு. புதிய மென்பொருளும் தன் பங்குக்கு உதவுகிறது. 2012 வாக்கில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், கணக்குப் போட்ட படங்களை டிஸ்கில் பத்திரப்படுத்தி மறுநாளும் எடுத்துக்கொள்ளக் கற்றது. 2021-ல் பல படங்களை ஒரே சமயத்தில் கணக்கிட ஆரம்பித்தது. ஆனாலும் மேலே சொன்னவற்றைச் செய்யாமல் பணத்தைச் செலவழிப்பது வீண் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது வெள்ளம் வெள்ளத்தின் வேகத்தில் ஓடுகிறது. மதகு மறையும் இடத்தை நான்கு தடவை மாற்றி, தண்ணீர் நுரைத்துத் திரும்புகிற இடத்தில் வைத்தோம். கடைசியாக ரெசல்யூஷனை முழுசாக்கி, பிராக்ஸியை விலக்கி, மூல வீடியோவை வைத்து ராத்திரி ரெண்டருக்குப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் காப்பிக்கு முன்னால் தயாராக இருந்தது. பிராக்ஸி நகல்களை அழித்தாயிற்று. ஸ்கேன் செய்த பழைய படங்களை மட்டும் இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன்.