தனிம வரிசை அட்டவணை

தனிம வரிசை அட்டவணை, அல்லது ஆவர்த்தன அட்டவணை, இதுவரை அறியப்பட்ட 118 தனிமங்களையும் அணு எண்ணின் ஏறுவரிசையில் அடுக்கி, ஒத்த வேதிப்பண்பு கொண்டவை ஒரே நிரலில் வருமாறு அமைத்த அட்டவணை ஆகும். அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே அணு எண். கிடைவரிசைகள் தொடர்கள் என்றும், செங்குத்து நிரல்கள் தொகுதிகள் என்றும் அழைக்கப்படுகின்றன. தொடர்கள் 7, தொகுதிகள் 18.

தொடர்கள்

ஒவ்வொரு தொடரும் ஒரு புதிய எலக்ட்ரான் கூட்டுடன் தொடங்கி, ஒரு மந்த வாயுவில் முடிகிறது. ஏழு தொடர்களிலும் உள்ள தனிமங்களின் எண்ணிக்கை முறையே 2, 8, 8, 18, 18, 32, 32. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எலக்ட்ரான்கள் நிரம்பும் ஒழுங்கு. எஸ் துணைக்கூட்டில் 2, பி துணைக்கூட்டில் 6, டி துணைக்கூட்டில் 10, எஃப் துணைக்கூட்டில் 14 எலக்ட்ரான்கள் வரை இடம்பெறலாம்.

மூன்றாம் கூடு 18 எலக்ட்ரான்களை ஏற்கும். ஆனாலும் மூன்றாம் தொடர் எட்டே தனிமங்களுடன், ஆர்கானில் முடிந்துவிடுகிறது. அடுத்து வரும் பொட்டாசியத்திலும் கால்சியத்திலும், 3டி காலியாக இருக்கும்போதே 4எஸ் நிரம்புவதுதான் காரணம். அதன்பின் ஸ்காண்டியம் (21) முதல் துத்தநாகம் (30) வரை 3டி-யும், காலியம் முதல் கிரிப்டான் வரை 4பி-யும் நிரம்புகின்றன. 2, 10, 6 ஆகியவை கூடி நான்காம் தொடரின் 18 தனிமங்கள் ஆகின்றன. ஆறாம், ஏழாம் தொடர்களில் எஃப் துணைக்கூடும் சேர்வதால் எண்ணிக்கை 32 ஆகிறது. அட்டவணை மிகவும் அகன்றுவிடாமல் இருக்க, லாந்தனைடுகளும் ஆக்டினைடுகளும் கீழே தனி வரிசைகளாக அச்சிடப்படுகின்றன.

தொகுதிகள்

ஒரே தொகுதியில் உள்ள தனிமங்களின் வெளிக்கூட்டு எலக்ட்ரான் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. அதனால் அவற்றின் வேதிவினைகளும் ஒத்திருக்கும். முதல் தொகுதியில் ஹைட்ரஜன் நீங்கலான கார உலோகங்கள் ஓர் எலக்ட்ரானை எளிதில் இழக்கும். 17ஆம் தொகுதி ஹாலஜன்கள் ஒன்றை ஏற்கும். 18ஆம் தொகுதி மந்த வாயுக்கள் எளிதில் வினைபுரியா. 3 முதல் 12 வரையுள்ள தொகுதிகளில் இடைநிலை உலோகங்கள் உள்ளன.

தொடரில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது அணுக்கரு மின்சுமை கூடி எலக்ட்ரான்களை உள்ளிழுப்பதால், அணு ஆரம் பொதுவாகக் குறையும். அயனியாக்கும் ஆற்றல் பொதுவாகக் கூடும். சோடியத்துக்கு மோலுக்கு 496 கிலோஜூலாக இருக்கும் இந்த ஆற்றல், அதே தொடரின் இறுதியில் உள்ள ஆர்கானுக்கு 1521 கிலோஜூல். தொகுதியில் மேலிருந்து கீழே வந்தால் போக்கு தலைகீழாகும்: லித்தியத்துக்கு 520, சீசியத்துக்கு 376.

வரலாறு

1829இல் ஜெர்மானியரான டோபரைனர் கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் போன்ற மும்மைகளைச் சுட்டிக்காட்டினார். 1865இல் ஆங்கிலேயரான நியூலாந்து எண்ம விதியை முன்வைத்தார். 1869இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் அணு எடையின்படி தனிமங்களை அடுக்கி, பொருந்தாத இடங்களைக் காலியாக விட்டார். சிலிக்கானுக்குக் கீழே விட்ட இடத்துக்கு அணு எடை சுமார் 72, அடர்த்தி 5.5 என்று கணித்தார். 1886இல் விங்க்ளர் கண்டறிந்த ஜெர்மானியத்தின் அணு எடை 72.6, அடர்த்தி 5.3.

அணு எடை எல்லா இடத்திலும் கைகொடுக்கவில்லை. டெலூரியத்தின் அணு எடை 127.6, அயோடினுடையது 126.9. எடைப்படி அயோடின் முன்னால் வரவேண்டும். ஆனால் அதன் பண்புகள் குளோரின், புரோமினை ஒத்திருந்ததால் மெண்டலீவ் டெலூரியத்தையே முன்னால் வைத்தார். அதன் எடை தவறாக அளக்கப்பட்டிருக்கும் என்று கருதினார். அளவீட்டில் தவறில்லை. 1913இல் ஆங்கிலேயரான மோஸ்லி, தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணுக்கும் அணு எண்ணுக்கும் உள்ள தொடர்பை நிறுவி, வரிசைக்கு அணு எண்ணே அடிப்படை என்று காட்டினார். டெலூரியம் 52, அயோடின் 53 என்பதால் மெண்டலீவ் வைத்த வரிசையே நிலைத்தது.

முடிவாகாத இடங்கள்

ஹைட்ரஜனுக்கு ஓர் எலக்ட்ரான் இருப்பதால் முதல் தொகுதியில் வைக்கப்படுகிறது. எனினும் அது சாதாரண நிலையில் உலோகமன்று. ஹீலியத்தின் எலக்ட்ரான் அமைப்பு இரண்டாம் தொகுதிக்குரியது. மந்தத்தன்மையால் 18இல் இருக்கிறது. மூன்றாம் தொகுதியில் இட்ரியத்துக்குக் கீழே லாந்தனம் வரவேண்டுமா, லுட்டீசியம் வரவேண்டுமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. 113, 115, 117, 118ஆம் தனிமங்களுக்கு 2016இல் பெயர் சூட்டப்பட்டதுடன் ஏழாம் தொடர் நிறைவுற்றது. 119ஆம் தனிமம் உருவாக்கப்பட்டால், அது எட்டாம் தொடரின் முதல் தனிமமாகும்.