பெரியப்பாவின் லாரியும் தகரப் பெட்டிக் காகிதமும்

வில்லியனூர்ப் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு நெல் களம் இருந்தது. அதன் மூலையில் ஓட்டுக் கொட்டகை. அதற்குள் ஒரு பழைய லாரி நின்றுகொண்டிருந்தது. 1978இல் ஓட்டம் நின்ற வண்டி. டயர் மக்கிப்போய், பின்பக்கப் பலகை கறையான் தின்று, வெறும் இரும்பாக நின்றது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அதன் ஸ்டியரிங்கைப் பிடித்து விளையாடியவர்கள்தான்.

சென்ற வருடம் பெரியப்பாவின் பேரன் போன் செய்தான். "சித்தப்பா, பழைய இரும்பு வியாபாரி ஒருத்தர் எடைக்குக் கேக்கறார். பெங்களூர்ல பழைய வண்டி சேர்க்கிற ஒருத்தர் அதைப்போல நாலு பங்கு தர்றேங்கறார். ஆனா பேப்பர் இருக்கா, எந்த நாட்டு வண்டி, யார் பேர்ல இருக்குன்னு கேக்கறார். நீங்கதான் ஆபீஸ்ல இருந்தவங்க, பாத்துச் சொல்லுங்க" என்றான்.

எங்கள் வீட்டுக் கதைப்படி அது பிரெஞ்சு ராணுவ லாரி. 1954இல் வெள்ளைக்காரன் புறப்பட்டபோது பெரியப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனான் என்பார்கள். நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்த பழக்கம், முதலில் பொருளைப் பார், பிறகு காகிதத்தைத் தேடு என்றது. களத்துக்குப் போனேன். பார்த்த உடனே ஒரு சந்தேகம். ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தது. பிரான்சில் செய்த வண்டியென்றால் இடது பக்கம் அல்லவா இருக்கவேண்டும்? சின்ன வயதில் நான் பார்த்த பேழோ, சித்ரோவேன் கார்களெல்லாம் அப்படித்தானே! இத்தனை வருடம் அந்த ஸ்டியரிங்கில் விளையாடியும் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

இன்னொன்று, முன் கண்ணாடி. சாதாரண வண்டியில் கண்ணாடி மேலே போகப்போகப் பின்னால் சாயும். இதில் மேல்விளிம்பு முன்னால் நீட்டிக்கொண்டு, கண்ணாடி கீழே பார்த்தபடி இருந்தது. மூக்கு சப்பையாக, நாய் முகம் மாதிரி. டாஷ்போர்டில் பெயிண்ட் மூடிய ஒரு சின்னத் தகடு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, காசால் மெல்லச் சுரண்டினோம். ஜெனரல் மோட்டார்ஸ் ஆஃப் கனடா என்ற பெயரும் ஒஷாவா என்ற ஊர்ப் பெயரும் தெரிந்தன.

அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போரில் கனடா 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வண்டிகளைச் செய்தது. அவற்றில் 4 லட்சத்துக்கும் மேல் ஒரே மாதிரி அமைப்பில் ஃபோர்டும் செவர்லேயும் செய்தவை. பிரிட்டிஷ் படைகளுக்காகச் செய்ததால் ஸ்டியரிங் வலது பக்கம். கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது, வெயிலில் மின்னி மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக. எங்கள் வண்டி செவர்லே மூன்று டன் வகை. ஆறு சிலிண்டர், 85 குதிரைத் திறன், நான்கு சக்கரமும் இழுக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 158 அங்குலம். டேப் பிடித்து அளந்தேன், சரியாக இருந்தது.

பானெட் பக்கவாட்டில் பெரியப்பா அடித்த பச்சை. அதற்குக் கீழே நீலம். அதற்கும் கீழே காக்கி. காக்கியின் மேல் வெள்ளையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்தும் பாதி அழிந்த சில எண்களும் இருந்தன. பிரிட்டிஷ் ராணுவத்தில் லாரிகளின் எண்ணுக்கு முன்னால் போடும் எழுத்து அது. ஆக, ராணுவ லாரி என்பது உண்மை, பிரெஞ்சு என்பது பொய். போர் முடிந்ததும் இப்படிப்பட்ட வண்டிகளை அரசு கழித்துவிட்டு விற்றது. பஸ்ஸாகவும் மரம் ஏற்றும் லாரியாகவும் அவை நாடெங்கும் ஓடின.

சரி, இங்கே எப்படி வந்தது? அதற்குக் காகிதம் வேண்டும். பெரியப்பா பெட்டியில் ஒரு வரி ரசீதுகூட இல்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் முறை போனபோது, அந்தக் காலத்துப் பதிவேடு மழைத் தண்ணீரில் நனைந்து கழித்தாகிவிட்டது என்றார்கள். கோபப்பட முடியவில்லை. அதே மாதிரி மற்றவர்களுக்கு நானும் சொல்லியிருக்கிறேன்.

பெரியப்பா மகள், எங்கள் அக்கா, எண்பத்தைந்து வயது, முத்தியால்பேட்டையில் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். "வண்டி டிரைவரோடதான் வந்தது. அவரைப் பட்டாளத்து டிரைவருன்னு கூப்பிடுவோம். பர்மா சண்டைக்குப் போய் வந்தவர். மாசக் கடைசியில அப்பாவும் அவரும் திண்ணையில உக்காந்து காசை எண்ணிப் பிரிப்பாங்க" என்றார்.

"சம்பளமா அக்கா?"

"சம்பளம் எண்ணிக் குடுப்பாங்க, தம்பி. இவங்க பிரிச்சுக்குவாங்க."

அந்த ஒரு வார்த்தை என்னை அரியாங்குப்பம் வரை இழுத்துக்கொண்டு போனது. டிரைவரின் மகள் அங்கே இருக்கிறார். என் வயதுதான். விஷயத்தைச் சொன்னதும் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். "அப்பா இதைப் பத்திரமா வைக்கச் சொன்னாரு, அண்ணே. ஏதோ மனைப் பத்திரம்னு நெனச்சோம். பிரெஞ்சுல இருக்கு, யாருக்கும் படிக்கத் தெரியல" என்று நாலாக மடித்த ஒரு தாளைக் கொடுத்தார்.

முத்திரையும் பதிவு அலுவலகச் சீலும் வைத்த தாள். ஜூன் 1948. வகுப்பில் கையெழுத்துப் பாடமாக எழுதிய அதே சாய்ந்த எழுத்து. கடலூர் வியாபாரி ஒருவரிடம் வாங்கிய செவர்லே கமியோன் ஒன்று. அதன் கார்த் கிரீஸ் எண் இன்னது, சேசிஸ் எண் இன்னது. கார்த் கிரீஸ் பெரியப்பா பெயரில் இருந்தாலும் பணம் போட்டவர் இருவர், வண்டி இருவருக்கும் 'பர் முவாத்தியே', அதாவது பாதிப் பாதி. கீழே பெரியப்பா கையெழுத்து, பக்கத்தில் டிரைவரின் கைநாட்டு.

கார்த் கிரீஸ் தெரியாத இளையவர்களுக்கு: சாம்பல் நிற அட்டையில் கொடுத்ததால் அந்தப் பெயர். இன்றைய ஆர்.சி. புத்தகம்தான். தொலைந்துபோன பதிவு எண் எழுபத்தைந்து வருடம் அந்தத் தகரப் பெட்டியில் இருந்திருக்கிறது.

தேதியும் பொருந்தியது. 1941இல் பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் சுங்க ஒப்பந்தம் இருந்தது. 1949இல்தான் அது முறிந்து எல்லையில் கெடுபிடி வந்தது. அதற்கு முந்தின வருடம் கடலூர் லாரி புதுச்சேரிக்குள் வருவது பெரிய காரியமில்லை. களத்துக்குத் திரும்பிப் போய்ச் சேசிஸ் எண்ணைத் துலக்கித் தாளோடு ஒப்பிட்டேன். ஒரு இலக்கம்கூட மாறவில்லை.

வண்டியின் பூர்வீகம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

டிரைவர் 1966இல் இறந்தார். வண்டி இன்னும் பன்னிரண்டு வருடம் ஓடியது. அந்தப் பன்னிரண்டு வருடம் திண்ணையில் காசு பிரித்ததாக அக்காவுக்கு ஞாபகம் இல்லை. மகளைக் கேட்டேன். பொங்கலுக்கு ஒரு மூட்டை நெல் வரும், அவ்வளவுதான் என்றார். குறையாகச் சொல்லவில்லை. முதலாளி வீட்டு நெல் என்றே நினைத்திருக்கிறார்கள். பாதியை விலைக்கு வாங்கிக்கொண்ட ரசீது எதுவும் இரண்டு வீட்டிலும் இல்லை.

பெரியப்பா கெட்டவர் அல்ல. என் அப்பா படுக்கையில் விழுந்தபின் என்னைப் படிக்க வைத்தவர் அவர். 1966க்குப் பிறகு என் கடைசி மூன்று வருடப் படிப்புச் செலவு லாரி வாடகையிலிருந்துதான் வந்தது. அந்தத் தாளைப் படிக்க உதவிய பிரெஞ்சில் ஒரு பகுதிக்கு டிரைவர் வீட்டுப் பணமும் போயிருக்கிறது.

பேரனை வீட்டுக்கு அழைத்து, தாளை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. "கோர்ட்டுல இது நிக்குமா சித்தப்பா?" என்றான். "கோர்ட்டுக்கு யாரும் போகப் போறதில்லப்பா. உன் தாத்தா கையெழுத்து போட்டிருக்கார். அதை மட்டும் பார்" என்றேன். எழுந்து போய்விட்டான். நாலாம் நாள் போன் வந்தது. "அந்த அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க."

பெங்களூர்க்காரர் வந்தார். தாளின் நகலையும் என் மொழிபெயர்ப்பையும் வாங்கிக்கொண்டார். விற்பனைக் காகிதத்தில் இரண்டு வீட்டாரும் கையெழுத்திட்டார்கள். பணம் பாதிப் பாதி. 1966க்குப் பிந்தைய கணக்கை யாரும் எழுப்பவில்லை. என் பங்குக்கு நான் செய்ததை இங்கே எழுதப்போவதில்லை.

வண்டியை இன்னொரு லாரியின் மேல் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அந்த அம்மாள் அதைப் பார்க்கவில்லை. தாளை என்னிடம் நீட்டி, "அப்பா பேரு இதுல எங்க இருக்கு, அண்ணே?" என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

நண்பர்களே, நம் ஊரில் பல வீட்டுப் பெட்டிகளில் இப்படிப் பிரெஞ்சுத் தாள்கள் மடித்துக் கிடக்கின்றன. படிக்கத் தெரியவில்லை என்று எரித்துவிடாதீர்கள். என்னிடம் கொண்டுவாருங்கள். காலையில் பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். கண்ணாடி போட்டால் இன்னும் தெரிகிறது.