சிவப்பு அடையாளக் கார்டு

பால் வெட்டும் கத்தியும் வாளியும் இருந்தால் எந்தத் தோட்டத்திலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம் பெரியவர்கள் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை உடைந்தது எப்படி என்று இன்று பார்ப்போம்.

1957 ஆகஸ்ட் 31-இல் மலாயா சுதந்திரம் அடைந்தது. அதுவரை குடியுரிமை பெறாதவர்கள் மனுச் செய்து பதிந்துகொள்ள வழி இருந்தது. முதல் ஓராண்டில் பலருக்கு மலாய் மொழித் தேர்விலிருந்து விலக்கும் கிடைத்தது. ஆயினும் தோட்டத்து மக்கள் பலர் பதியவில்லை. சிலரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. சிலருக்குப் பாரம் எழுதத் தெரியவில்லை. "ஊருக்குத் திரும்பப் போகிறவர்களுக்கு இது எதற்கு?" என்றிருந்தவர்களும் உண்டு. குடிமக்களுக்கு நீல அடையாளக் கார்டு கிடைத்தது. இவர்கள் கையில் சிவப்புக் கார்டே நின்றது.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளியும் குற்றவாளி. 1969 மே கலவரத்துக்குப் பின் சட்டம் கடுமையாக அமலாகியது. பல்லாண்டு மரம் வெட்டிய கைகளுக்கு வேலை போயிற்று. ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாடு திரும்பியதாகக் கணக்கு. ஒரே வீட்டில் தகப்பனுக்குச் சிவப்பு, பிள்ளைக்கு நீலம் என்றால் யார் போவது, யார் இருப்பது?

நேயர்களே, உழைப்பு மட்டும் உரிமை ஆகிவிடாது. பிள்ளை பிறந்ததும் பதியுங்கள். அந்தப் பத்திரத்தை நகையைப் போல் காத்து வையுங்கள்.