இந்திய மாநிலங்களில் கஞ்சா சட்டத் தளர்வும் மக்கள் எதிர்வினையும்

இந்திய மாநிலங்களில் கஞ்சா சட்டத் தளர்வு என்பது, கஞ்சாச் செடியைத் தொழில், மருத்துவம், அறிவியல் ஆய்வு ஆகிய நோக்கங்களுக்காக வளர்க்கச் சில மாநில அரசுகள் அனுமதி அளித்ததையும், அளிக்க முயன்றதையும் குறிக்கும். 2018-ஆம் ஆண்டில் உத்தராகண்டம் இதற்கான முதல் உரிமத்தை வழங்கியது. அதன் பின்னர் மத்தியப் பிரதேசம், கோவா, இமாச்சலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலும் இது அரசியல் விவாதப் பொருளாயிற்று. இத்தளர்வுகளில் போதைக்காகக் கஞ்சாவைப் புகைப்பதற்கு எந்த இந்திய மாநிலமும் அனுமதி அளிக்கவில்லை. ஆயினும் இவ்வறிவிப்புகள் பலவும் "கஞ்சா சட்டபூர்வமாகிறது" என்றே மக்களைச் சென்றடைந்தன. எனவே ஆதரவும் எதிர்ப்பும் பல வேளைகளில் சட்டம் உண்மையில் கூறுவதை விட்டு விலகியே அமைந்தன.

செடியும் சொற்களும்

கஞ்சாச் செடியிலிருந்து முதன்மையாக மூன்று போதைப் பொருட்கள் பெறப்படுகின்றன. இலையிலிருந்து பாங்கு, பூக்கும் நுனிகளிலிருந்து கஞ்சா, பிசினிலிருந்து சரஸ் ஆகியன கிடைக்கின்றன. இவற்றில் போதையைத் தருவது டெட்ராஹைட்ரோகன்னாபினால் (டி.எச்.சி.) என்னும் வேதிப்பொருளாகும். இவ்வேதிப்பொருள் மிகக் குறைவாக உள்ள வகைகள் நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்கப்படுகின்றன. இவை தொழிற்சணல் எனப்படும். பொதுவாக டி.எச்.சி. அளவு 0.3 விழுக்காட்டுக்கு மிகாத செடிகளே இவ்வகையில் சேர்க்கப்படுகின்றன.

தமிழில் சணல் என்னும் சொல் பெரும்பாலும் சாக்கு நெய்யப் பயன்படும் வேறு செடிகளையே குறிக்கிறது. கஞ்சா என்பதோ போதைப் பொருளுக்கும் செடிக்கும் பொதுப்பெயராக உள்ளது. நார் தரும் வகைக்கு மக்கள் வழக்கில் தனிப்பெயர் இல்லாமையால், தொழிற்சணல் பற்றிய செய்தியும் தமிழில் கஞ்சாச் செய்தியாகவே வாசிக்கப்படுகிறது.

வரலாறு

பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் கஞ்சா, உரிமம் பெற்ற கடைகளில் வரி விதிக்கப்பட்டு விற்கப்பட்டது. இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியைத் தொடர்ந்து 1893-ஆம் ஆண்டில் இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் அமைக்கப்பட்டது. மூன்று இந்தியர்கள் உட்பட ஏழு உறுப்பினர்களைக் கொண்டிருந்த இவ்வாணையம், சென்னை மாகாணம் உள்ளிட்ட பல மாகாணங்களில் 1,193 சாட்சிகளின் கருத்துகளைத் திரட்டியது. மருத்துவர், அதிகாரி, பயிரிடுவோர், சமயத்தார் எனப் பல தரப்பினரும் இதில் அடங்குவர். அளவோடு பயன்படுத்துவதால் பெருந்தீங்கு இல்லை எனவும், அளவு மீறினால் தீங்கு உண்டு எனவும் ஆணையம் 1894-இல் முடிவு செய்தது. முழுத்தடையைப் பரிந்துரைக்காமல் வரியாலும் உரிமத்தாலும் கட்டுப்படுத்தும் முறையையே அது வலியுறுத்தியது. இந்தியாவில் கஞ்சா பற்றிய மக்கள் கருத்து விரிவாகப் பதிவு செய்யப்பட்ட முதல் நிகழ்வு இதுவே எனலாம்.

1961-ஆம் ஆண்டின் போதைப்பொருட்கள் தொடர்பான ஐக்கிய நாடுகள் ஒற்றை உடன்படிக்கை, மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை 25 ஆண்டுகளுக்குள் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் எனக் கூறியது. எனினும் பூநுனிகள் இல்லாத இலையும் விதையும் கஞ்சா என்னும் வரையறைக்குள் அடங்கவில்லை. இவ்வுடன்படிக்கைக்கு ஏற்ப, இந்திய நாடாளுமன்றம் 1985-இல் போதைப்பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தை (என்.டி.பி.எஸ். சட்டம்) நிறைவேற்றியது. 1985 நவம்பர் 14 அன்று இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சட்ட நிலை

இந்திய அரசியலமைப்பில் மதுபானம் மாநிலப் பட்டியலில் உள்ளது. எனவே மதுவிலக்கைக் கொண்டுவரவோ நீக்கவோ மாநில அரசால் இயலும். மருந்துகளும் நஞ்சுகளும் பொதுப்பட்டியலில் உள்ளன. எனவே கஞ்சா தொடர்பில் மத்தியச் சட்டமே மேலோங்கி நிற்கிறது. இச்சட்டம் மாநிலங்களுக்கு விட்டுவைத்துள்ள இடம் வருமாறு:

* பிரிவு 10: மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்காகக் கஞ்சாச் செடி வளர்ப்பை மாநில அரசு விதிகள் மூலம் அனுமதித்து ஒழுங்குபடுத்தலாம். சரஸ் உற்பத்திக்கு அனுமதி இல்லை.
* பிரிவு 14: நார் அல்லது விதைக்காகவும், தோட்டக்கலைக்காகவும் மட்டும் செடி வளர்ப்பை அரசு ஆணை மூலம் அனுமதிக்கலாம்.
* வரையறை: பூநுனிகளோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகா. எனவே பாங்கு மாநிலச் சட்டங்களுக்கே உட்பட்டது. உத்தரப் பிரதேசத்திலும் இராசத்தானிலும் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் உள்ளன. அசாம் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கஞ்சாவையும் பாங்கையும் தடை செய்தது.

கஞ்சாவைப் பொறுத்தவரை 1 கிலோ வரை சிறிய அளவு எனவும், 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு எனவும் கொள்ளப்படுகிறது. சிறிய அளவுக்கு ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டுகள் வரை கடுங்காவல் உண்டு. இத்தகைய வழக்குகளில் பிணை பெறுவதும் கடினம். சிகிச்சைக்குத் தாமாக முன்வரும் போதை அடிமைகளுக்குச் சிறு அளவு தொடர்பான குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கப் பிரிவு 64-அ வழி செய்கிறது.

மாநிலங்களின் முயற்சிகளும் எதிர்வினைகளும்

உத்தராகண்டம்: குமாவுன், கார்வால் மலைப்பகுதிகளில் கஞ்சா விதை துவையலாகவும், நார் கயிறாகவும் துணியாகவும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. மலைக்கிராமங்களிலிருந்து மக்கள் பிழைப்புத் தேடி வெளியேறுவதும், காட்டு விலங்குகளால் பயிர் அழிவதும் அம்மாநிலத்தின் நீண்டகாலச் சிக்கல்கள். இச்செடி குறைந்த நீரில் வளரும் என்பதும், விலங்குகள் இதை அதிகம் மேய்வதில்லை என்பதும் ஆதரவாளர்களின் முதன்மை வாதங்களாக இருந்தன. விளைந்த பயிரில் டி.எச்.சி. அளவு வரம்பு மீறினால் உழைப்பு வீணாகி வழக்கும் வரக்கூடும் என்பது பயிரிடுவோரின் அச்சமாகும்.

மத்தியப் பிரதேசம்: 2019 நவம்பரில் கமல்நாத் தலைமையிலான காங்கிரசு அரசு, மருத்துவ, தொழில் நோக்கங்களுக்காகச் சாகுபடியை அனுமதிக்க உள்ளதாக அறிவித்தது. இளைஞர்கள் போதைக்கு அடிமையாவர் எனக் கூறி பாரதிய சனதா கட்சி இதனை எதிர்த்தது.

கோவா: மருத்துவ நோக்கிலான சாகுபடி பற்றிய முன்மொழிவு அரசின் ஆய்வில் இருப்பது 2020 டிசம்பரில் வெளிவந்தது. சுற்றுலாத் தலமான கோவா ஏற்கெனவே போதைப்பொருள் தொடர்பான அவப்பெயருக்கு உள்ளாகியிருந்தது. அதனால் எதிர்க்கட்சிகள் கடுமையாக எதிர்த்தன. அத்திட்டம் முன்னெடுக்கப்படவில்லை.

இமாச்சலப் பிரதேசம்: சரசுக்குப் பெயர்பெற்ற மலானா கிராமம் இம்மாநிலத்தின் குல்லு மாவட்டத்தில் உள்ளது. 2023-இல் வருவாய்த்துறை அமைச்சர் செகத் சிங் நேகி தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆளுங்கட்சி உறுப்பினர்களோடு எதிர்க்கட்சி உறுப்பினர்களும் இதில் இடம்பெற்றனர். குழு பிற மாநிலங்களுக்குச் சென்று நிலைமையை ஆராய்ந்தது. அதன் அறிக்கையின் அடிப்படையில் 2024 செப்டம்பரில் சட்டமன்றம் கட்டுப்படுத்தப்பட்ட சாகுபடிக்கு ஆதரவான தீர்மானத்தைக் குரல் வாக்கெடுப்பில் ஏற்றது. 2025 ஜனவரியில், வேளாண் பல்கலைக்கழகங்கள் வழியாக முன்னோடி ஆய்வு நடத்த அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இரு தரப்பினரையும் தொடக்கத்திலேயே குழுவில் சேர்த்ததால் இங்கு கட்சி சார்ந்த எதிர்ப்பு குறைவாக இருந்தது.

தமிழ்நாடு

தமிழ்நாட்டில் இத்தகைய தளர்வுக் கொள்கை எதுவும் அறிவிக்கப்படவில்லை. இங்கு மக்கள் கருத்தும் அரசின் போக்கும் தடுப்பு நடவடிக்கையையே சார்ந்துள்ளன. முன்னர் தேனி மாவட்டத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளில் கள்ளத்தனமாகப் பயிரிடப்பட்ட கஞ்சா பேசப்பட்டது. பின்னர் ஆந்திர–ஒடிசா எல்லை மலைப்பகுதிகளே முதன்மை மூலமாயின. 2022 பிப்ரவரியில் ஆந்திரக் காவல்துறை அனகாபள்ளி அருகே ஏறத்தாழ 2 லட்சம் கிலோ கஞ்சாவை எரித்து அழித்தது. தமிழ்நாடு காவல்துறை 2021 டிசம்பரில் "ஆபரேஷன் கஞ்சா வேட்டை" என்னும் சிறப்பு நடவடிக்கையைத் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் "போதைப்பொருள் இல்லாத தமிழ்நாடு" என்னும் பரப்புரை தொடங்கப்பட்டு, பள்ளி, கல்லூரிகளில் உறுதிமொழி ஏற்கப்பட்டது. சென்னையின் தென் புறநகரில் கல்லூரிகளும், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும், வெளிமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகளும் நெருங்கியுள்ளன. பல்லாவரம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், தாம்பரம் போன்ற இப்பகுதிகளில் பெற்றோரின் கவலை பெரிதும் கல்வி நிலையங்களின் அருகில் நடக்கும் சில்லறை விற்பனையைச் சுற்றியே அமைகிறது. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்தில் தனி மாநகரக் காவல் ஆணையரகம் இயங்குகிறது.

தமிழ்நாட்டு மக்களின் மனநிலையை அறிய மதுவிலக்கு வரலாறு உதவும். இராசாசி அரசு 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1971-இல் மு. கருணாநிதி அரசு அதனை ஒத்திவைத்துப் பின் மீண்டும் நடைமுறைப்படுத்தியது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் வசமாயிற்று. 2015 ஜூலையில் மதுவிலக்குக் கோரிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்ததும் மாநிலமெங்கும் போராட்டங்கள் எழுந்தன. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் அரசு தலா 500 கடைகளை மூட உத்தரவிட்டது. அரசே விற்றால் தீமை கட்டுப்படும் என்னும் வாதத்தை மதுவில் கண்டு ஏமாந்ததாகக் கருதுவோர், குறிப்பாகப் பெண்கள், அதே வாதம் கஞ்சாவுக்குக் கூறப்படும்போது ஏற்பதில்லை. மறுபுறம், மதுவை அரசே விற்கும்போது கஞ்சாவுக்கு மட்டும் சிறை ஏன் என்னும் கேள்வியும் இதே வரலாற்றிலிருந்து எழுகிறது.

சித்த மருத்துவத்தில் கஞ்சா சுத்தி செய்து பயன்படுத்தப்படும் மூலிகைகளுள் ஒன்றாகும். மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் விதிகளில் இது மருத்துவக் கண்காணிப்பில் உட்கொள்ள வேண்டிய நச்சுப் பொருட்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. எனவே மருத்துவப் பயன்பாடு என்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று.

பயன்பாட்டின் அளவு

அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தேசிய போதைப்பொருள் சார்பு சிகிச்சை மையம் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுடையோரில் 2.8 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 3.1 கோடிப் பேர், முந்தைய ஓராண்டில் கஞ்சாச் செடிப் பொருள் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தியிருந்தனர். இவர்களில் சுமார் 2.2 கோடிப் பேர் பாங்கையும், 1.3 கோடிப் பேர் கஞ்சா அல்லது சரசையும் பயன்படுத்தினர். மது அருந்துவோர் 14.6 விழுக்காட்டினர் ஆவர்.

ஆதரவு வாதங்கள்

* சிறு அளவுடன் பிடிபடும் ஏழைகளும் இளைஞர்களும் வழக்கு, சிறை, வேலை இழப்பு ஆகியவற்றால் பாதிக்கப்படுகின்றனர். பெரும் வணிகர்கள் தப்பிவிடுகின்றனர்.
* நார், எண்ணெய், மருந்து ஆகியவற்றால் மலை உழவர்களுக்கு வருவாய் கிடைக்கும். 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் கஞ்சா விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக ஏற்றது.
* 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஆணையம் 27-க்கு 25 என்னும் வாக்குக் கணக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து நீக்கியது. இந்தியா ஆதரவாக வாக்களித்தது.

எதிர்ப்பு வாதங்கள்

* வளரிளம் பருவத்தில் தொடர்ந்து பயன்படுத்துவோருக்கு நினைவாற்றல் குறைதல், மனநோய் ஏற்படும் வாய்ப்பு அதிகரித்தல் ஆகிய தீங்குகள் உண்டு என மனநல மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.
* வயலில் நிற்கும் செடி நார் வகையா போதை வகையா எனப் பார்வையால் பிரித்தறிவது கடினம். ஒவ்வொரு முறையும் ஆய்வகச் சோதனை தேவைப்படும்.
* தீங்கு தரும் போதைப்பொருட்களைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 47-ஆம் கூறு காட்டும் வழியாகும்.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

ஐக்கிய அமெரிக்காவில் கொலராடோ, வாசிங்டன் மாநிலங்கள் 2012 நவம்பரில் பொது வாக்கெடுப்பின் மூலம் பெரியவர்களின் பயன்பாட்டை அனுமதித்தன. 2023 இறுதியில் இத்தகைய மாநிலங்களின் எண்ணிக்கை 24 ஆயிற்று. காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் ஆதரவு 1969-இல் 12 விழுக்காடாகவும் 2023-இல் 70 விழுக்காடாகவும் இருந்தது. எனினும் 2024-இல் புளோரிடாவில் நடந்த வாக்கெடுப்பில் தேவையான 60 விழுக்காடு கிடைக்கவில்லை. தாய்லாந்து 2022 ஜூனில் தடையை நீக்கியது. கடைகள் கட்டுப்பாடின்றிப் பெருகியதால் எழுந்த அதிருப்தியை அடுத்து, 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. இலங்கையில் கஞ்சா தடை செய்யப்பட்ட பொருளாயினும் ஆயுர்வேத மருந்துகளில் பயன்படுகிறது. ஏற்றுமதிக்காக மட்டும் வளர்க்கும் யோசனை அங்கு சர்ச்சைக்கு உள்ளானது. பாக்கு நீரிணை வழியே யாழ்ப்பாணக் கரைக்குக் கடத்தப்படும் கஞ்சா வடபகுதித் தமிழரிடையே தொடரும் கவலையாகும்.

அமெரிக்காவில் மக்கள் கருத்து வாக்குச்சீட்டில் நேரடியாக வெளிப்படுகிறது. இந்தியாவில் பொது வாக்கெடுப்பு முறை இல்லாததால் அது சட்டமன்ற விவாதம், வழக்கு, தெருப் போராட்டம் ஆகியவற்றின் வழியாகவே அறியப்படுகிறது. முன்கூட்டியே மக்களிடமும் எதிர்க்கட்சிகளிடமும் பேசிய மாநிலத்தில் திட்டம் ஆய்வு நிலை வரை நகர்ந்ததையும், செய்தி கசிந்த பின் விளக்கம் அளிக்க நேர்ந்த மாநிலத்தில் அது நின்றுபோனதையும் இமாச்சலப் பிரதேசம், கோவா ஆகியவற்றின் பட்டறிவு காட்டுகிறது.